இழந்த விரலும் எழுந்த இசையும்



‘றொக்’ எனப்படும் மேனாட்டு இசையைப் பற்றி, அதிலும் அதன் மிகக் கனத்த பிரிவாகிய ‘ஹெவி மெற்றல்’ பற்றி, ஒரு பாடசாலை அதிபர் பேச முன்வருவது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மாணவர்கள் விரும்பிக் கேட்கும் அவ்விசையை நானும் நெடுங்காலம் இரைச்சல் என்றே ஒதுக்கியிருந்தேன். ஓர் இசைத்தட்டும், அதனை ஆக்கிய மனிதரின் வலக்கையின் வரலாறும் அவ்வெண்ணத்தை மாற்றின. அந்த மனிதர் டொனி ஐயோமி. அந்த இசைத்தட்டு, 2000ஆம் ஆண்டில் அவருடைய குடும்பப் பெயரையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்த ‘ஐயோமி’.

இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பேர்மிங்காமில் 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி அவர் பிறந்தார். இடக்கைப் பழக்கமுடையவராதலால், கிற்றாரின் தந்திகளை இடக்கையால் மீட்டி, வலக்கை விரல்களால் அழுத்தி வாசித்தார். பதினேழு வயதில் உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். இசைக்குழு ஒன்றுடன் செல்லும் வாய்ப்பு வந்தமையால் வேலையை விடத் தீர்மானித்தார். கடைசி நாள். மதிய உணவிற்கு வீடு வந்தவர், இனித் திரும்பிப் போகப்போவதில்லை என்றார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பிவைத்தார். அன்று பிற்பகல், தமக்குப் பழக்கமில்லாத இயந்திரமொன்றில் நிறுத்தப்பட்ட அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளும் துண்டிக்கப்பட்டன.

நேயர்களே, கடமையைக் குறைவின்றிச் செய்யுங்கள் என்று நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லும் தொழில் என்னுடையது. இந்த நிகழ்ச்சியைப் படித்தபோது என் மனம் தடுமாறியது உண்மை. தாய் சொன்னது நல்ல சொல், மகன் செய்தது நல்ல செயல், விளைந்ததோ பெருந்துன்பம். நன்மை செய்தார்க்கு உடனே நன்மை விளையும் என்று பிள்ளைகளுக்கு எளிதாகக் கூறிவிடுகிறோமே, அது எத்துணை அவசரமான கூற்று!

மருத்துவர்கள் இனிக் கிற்றார் வாசிக்க இயலாது என்றனர். மனமுடைந்து கிடந்த இளைஞனைத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் பார்க்க வந்தார். வந்தவர் ஆறுதல் மொழிகளோடு நிற்கவில்லை. ஓர் இசைத்தட்டைக் கேட்கச் செய்தார். கேட்க மனமில்லாதிருந்த ஐயோமி, வாசிப்பின் திறத்தை ஒப்புக்கொண்ட பின்னரே, வாசித்தவர் யார் என்பதை அவர் வெளியிட்டார். அவர் ஜாங்கோ றைன்ஹார்ட். 1928ஆம் ஆண்டில் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிய பின்னும், எஞ்சிய விரல்களால் தந்திகளை ஆண்டு, ஐரோப்பிய ஜாஸ் இசையிற் பெரும்புகழ் பெற்றவர். உரிய வேளையில் உரிய உதாரணத்தைக் கொண்டுவந்து முன்வைத்த அந்த மேற்பார்வையாளர் எந்தப் பாடசாலையிலும் கற்பித்தவரல்லர். ஆயினும் அவரை நல்லாசிரியர் என்றே சொல்லுதல் வேண்டும்.

அதன்பின் ஐயோமி செய்தவை கைவினைஞன் ஒருவனின் வேலைகள். பாத்திரங் கழுவும் திரவம் அடைத்துவரும் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி, விரல் நுனிக்கேற்ற உறைகளைச் செய்தார். தந்தி வழுக்காதிருக்கப் பழைய தோற்சட்டை ஒன்றிலிருந்து வெட்டிய துண்டுகளை அவற்றின்மேல் ஒட்டினார். கனத்த தந்திகள் விரலை வருத்தியமையால், மெல்லிய பான்ஜோத் தந்திகளைக் கிற்றாரிற் பூட்டினார். பின்னர், 1971ஆம் ஆண்டின் இசைத்தட்டில், தந்திகளைத் தளர்த்திச் சுருதியை மூன்று அரைச்சுரம் கீழிறக்கினார்.

இங்கேதான் இசை ஆராய்ச்சிக்குரிய செய்தி இருக்கிறது. தளர்ந்த தந்தியை அழுத்துவது எளிது. அதன் ஒலியோ ஆழ்ந்து கனத்துவிடுகிறது. பல சுரங்களை ஒருங்கே அழுத்துவது கடினமாகவே, ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுஞ் சேர்ந்த எளிய கூட்டொலிகளை அவர் பெரிதும் கையாண்டார். ஒலிபெருக்கியின் கரகரப்போடு அவை சேரும்போது, பாறை உருள்வதுபோன்ற ஓசை பிறக்கிறது. 1968இல் நண்பர் மூவருடன் அவர் தொடங்கிய குழு, பின்னர் ‘பிளாக் சபத்’ என்று பெயர் பெற்றது. 1970 பெப்ரவரி 13ஆந் திகதி வெளிவந்த அதன் முதல் இசைத்தட்டின் முதற் பாடல், ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஏறிப் பிரதி மத்திமத்தில் வந்து நின்று அச்சுறுத்துகிறது. ஹெவி மெற்றல் இசையின் தொடக்கமாகப் பலர் காட்டும் இடம் அதுவே.

இனி, அவருடைய தனி இசைத்தட்டுக்கு வருவோம். 1986ஆம் ஆண்டிலேயே தமது பெயரில் ஒன்றை வெளியிட ஐயோமி முயன்றார். இசைத்தட்டு நிறுவனமோ குழுவின் பெயரையும் அதில் பொறித்தே வெளியிட்டது. ஊரறிந்த பெயரின் நிழலில், மனிதனின் சொந்தப் பெயர் மறைந்துபோயிற்று. ஆகவே, 2000ஆம் ஆண்டில் ‘ஐயோமி’ வெளிவந்தபோது, அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

அத்துணை காலம் காத்திருந்து பெற்ற தனியிடத்தை அவர் எவ்வாறு பயன்படுத்தினார்? பத்துப் பாடல்கள், பத்துப் பாடகர்கள். ஹென்றி றொலின்ஸ், ஸ்கின் என்னும் பெண் பாடகி, டேவ் குறோல், பிலிப் அன்செல்மோ, சேர்ஜ் தாங்கியன், பில்லி கோர்கன், இயன் அஸ்ற்பரி, பீற்றர் ஸ்ரீல், பில்லி ஐடல் எனப் பலரும் வருகின்றனர். குயீன் குழுவின் பிறையன் மே இரு பாடல்களுக்குக் கிற்றார் வாசித்துள்ளார். பாடகருட் சிலர், ஐயோமியின் குழு தோன்றிய அந்த ஆண்டுகளிலேதான் பிறந்தவர்கள். அவரது இசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அவரே மேடை அமைத்துக் கொடுக்கிறார். ஒரு பாடலை மட்டும் பழைய தோழர் ஒஸி ஒஸ்போண் பாடுகிறார்; பேர்மிங்காமில் ஒரே பாடசாலையிற் படித்தவர்கள் இருவரும்.

நமது கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் என்பது மிருதங்க வித்துவான் தம் திறமையைத் தனித்துக் காட்டும் இடம். ஐயோமியின் தனித் தட்டு அவ்வகையினதன்று. நீண்ட தனி வாசிப்புகளாற் பக்கங்களை நிரப்பாமல், ஒவ்வொரு குரலுக்கும் ஏற்ற அடித்தளத்தை இட்டுக்கொடுக்கிறார். குரல்கள் மாறிமாறி வந்தாலும், கீழே ஓடும் கிற்றாரைக் கேட்டவுடனே இன்னாருடையது என்று அறிந்துவிடலாம். முன்னே நில்லாமலே தன்னை அறியச் செய்வது முதிர்ச்சியின் இலக்கணம்.

2012இல் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது அறியப்பட்டது. சிகிச்சை பெற்றுக்கொண்டே இசைத்தட்டு ஆக்கினார். 2025 யூலை 5ஆந் திகதி, பேர்மிங்காமில், குழுவின் முதல் நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் வாசித்தனர். அம்மாதம் 22ஆந் திகதி ஒஸ்போண் காலமானார்.

விரல் போனதால்தான் இந்த இசை பிறந்தது, ஆகவே விபத்தும் நன்மையே என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு கூறேன். இழப்பு இழப்பே, அதற்கு நன்றி சொல்ல எந்தப் பிள்ளையையும் நாம் கேட்கலாகாது. நாம் செய்யக்கூடியது வேறொன்று உண்டு. “இனி உன்னால் ஆகாது” என்று உலகம் சொல்லிவிட்டுப் போன பின்னர், ஓர் இசைத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பிள்ளையின் வீட்டுப் படியேறுவது அது.