கடன் அட்டையும் கல்லூரிப் பிள்ளைகளும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஜனாஸா தொழுகைக்கு முன்னர், மையித்தின் வாரிசு ஒருவர் ஸஃப்புகளுக்கு முன் நின்று, இறந்தவர் எவருக்கேனும் கடன்பட்டிருந்தால் தம்மிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இவ்வழக்கத்திற்கு ஆழமான அடிப்படை உண்டு. கடனை விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள். பிற்காலத்தில் வெற்றிகளால் செல்வம் வந்தபோது, கடனோடு இறந்தோரின் கடன்களை நபியவர்களே பொறுப்பேற்றார்கள்.

இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. கடன் அஞ்சத்தக்கது என்பது முதற்பாடம். கடன்பட்டவனைச் சமுதாயம் கைவிடலாகாது என்பது இரண்டாம் பாடம். முதற்பாடத்தை மிம்பரில் பலமுறை கூறிவிட்டோம். இரண்டாவதை மறந்துவிட்டோம் என்று சென்ற ஆண்டு ஒரு மாணவன் நமக்கு உணர்த்தினான். அதனைச் சொல்லவே இன்று நிற்கிறோம்.

முகமில்லாத கடன்

நம் மலைக்குக் கடன் புதியதன்று. காப்பிப் பழம் பறிக்கும் காலம் வரை மளிகைக் கடையில் கணக்கு வைப்பதும், மிளகு விளையுமுன்னரே வியாபாரியிடம் முன்பணம் வாங்குவதும் வாழவந்தியில் எல்லா வீடுகளும் அறிந்தவையே. ஆயினும் அக்கடனுக்கு ஒரு முகம் இருந்தது. கொடுத்தவரை வாங்கியவர் அறிவார். வாங்கியதை வீட்டார் அறிவர். இன்றைய கடனோ பிள்ளையின் சட்டைப்பையிலுள்ள அட்டையிலும் கைப்பேசியிலும் குடியிருக்கிறது. பக்கத்தில் உறங்கும் தாய்கூட அதனை அறியமாட்டாள்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்தில் பயிலும் அம்மாணவனுக்குத் தந்தை தம் கணக்கிலேயே ஒரு துணை அட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். பேருந்துக்கும் புத்தகத்திற்கும் என்பதே அவரது எண்ணம். முதலில் ஒரு கைப்பேசி, பிறகு நண்பர்களோடு உணவு, பிறகு ஒரு சுற்றுலா. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைச் செலுத்தினால் போதும் என்று எண்ணினான். அதற்கும் வழியற்றபோது கைப்பேசிச் செயலி ஒன்றில் உடனடிக் கடன் பெற்றான். தவணை தவறியதும் அவனுடைய தொலைபேசிப் பட்டியலிலிருந்த உறவினர்களுக்கெல்லாம் வசைச் சொற்களோடு அழைப்புகள் வந்தன. தாய் தம் நகையை அடகு வைத்துவிட்டு, ஓர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து அழுதார்.

அவன் ஒவ்வொரு ஜுமுஆவிலும் முதல் ஸஃப்பில் இருந்தவன். முன்னரே ஏன் வரவில்லை என்று கேட்டோம். “பள்ளிவாசலில் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடுமே, ஹஜ்ரத்” என்றான். நம்மிடம் அதற்கு விடை இல்லை.

கணக்கைப் பாருங்கள்

கடன் அட்டையில் பொருள் வாங்கினால், குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்துவோருக்கு வட்டியில்லை. ஒரு பகுதியை நிலுவை வைத்தால் அச்சலுகை போய்விடுகிறது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஏறும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் தனிக் கட்டணமும் உண்டு.

20,000 ரூபாய் நிலுவை என்று கொள்வோம். பல அட்டைகளில் காணப்படுவதுபோல் மாத வட்டி 3.5 விழுக்காடு என்றால் வட்டி 700 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 126 ரூபாய். நிலுவையில் 5 விழுக்காடாக 1,000 ரூபாயை மாணவன் செலுத்துகிறான். கடனில் கழிவது 174 ரூபாய் மட்டுமே! புதிதாக எதுவும் வாங்காமல் இவ்வாறே ஓராண்டு செலுத்தினால், ஏறத்தாழ 11,400 ரூபாய் கட்டிய பின்னரும் கடன் சுமார் 2,000 ரூபாயே குறைந்திருக்கும். ‘குறைந்தபட்சம்’ என்னும் சொல் எத்தனை பெரிய வலை என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டே சட்டம் வந்தது. ஆனால் அட்டை வட்டிக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை. ஆண்டுக்கு 30 விழுக்காட்டிற்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று நீக்கிவிட்டது. எனவே நம்மை நாமே காத்துக்கொள்வதன்றி வேறு வழியில்லை. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், 21 வயது நிறையாதவருக்குச் சொந்த வருமானமோ பொறுப்பேற்பவரோ இன்றி அட்டை வழங்கலாகாது என்றது. கடன் வணிகத்தில் ஊறிய நாடே தன் மாணவர்களுக்கு அஞ்சியது எனில், நாம் அஞ்ச வேண்டாமா?

உரிமைகளையும் அறிக

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் சில பாதுகாப்புகளைத் தந்தன. கேட்காமல் அட்டை அனுப்பலாகாது. கடன் பாக்கியின்றி அட்டையை மூடக் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். துணை அட்டையின் பொறுப்பு முழுவதும் முதன்மை அட்டைதாரரையே சாரும் என்பதையும் தந்தையர் மறக்கலாகாது.

செயலிக் கடன்கள் இன்னும் கொடியவை. 2021-இன் முதல் இரு மாதங்களில் இந்தியாவில் கிடைத்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளில் 600 சட்டத்திற்குப் புறம்பானவை என்று ரிசர்வ் வங்கி அமைத்த குழுவே கண்டறிந்தது. 2022 செப்டம்பரில் வந்த விதிகள், கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொலைபேசிப் பட்டியலையும் படங்களையும் தொடலாகாது என்று கூறின. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-இல் சட்டமுன்வடிவு நிறைவேற்றியது. மிரட்டல் வந்தால் அஞ்சி இன்னொரு கடன் வாங்காதீர்கள். காவல்துறையின் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு முப்பது நாட்களுக்குள் தீர்வு வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

மார்க்கத்தின் நிலை

வட்டி நிபந்தனையுடைய கடன் அட்டையை, உரிய காலத்தில் செலுத்தும் எண்ணமிருப்பினும் பெறுவது கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. தவறாமல் முழுத் தொகையைச் செலுத்தும் உறுதியும் வழியும் உடையவர் தேவையின் பொருட்டு வைத்துக்கொள்ளலாம் என்னும் உலமாக்களும் உளர். வட்டி செலுத்தும் நிலைக்குப் போகலாகாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். வருமானமில்லாத மாணவனுக்கு அந்த உறுதி எங்கிருந்து வரும்? கணக்கில் இருப்பதை மட்டும் செலவிடும் டெபிட் அட்டையே அவனுக்குப் போதுமானது.

நபி (ஸல்) அவர்கள் கடனை விட்டுப் பெரிதும் பாதுகாவல் தேடியதன் காரணம் வினவப்பட்டபோது, கடன்பட்ட மனிதன் பேசினால் பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மாறுசெய்கிறான் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். அம்மாணவன் இயல்பில் பொய்யனல்லன். கடனே அவனைப் பொய்யனாக்கியது.

மூவருக்கும் ஒரு வேண்டுகோள்

பிள்ளைகளே! கல்லூரி வாயிலில் பரிசுப்பையுடன் அட்டை விற்போருக்கு ‘வேண்டாம்’ எனக் கூறப் பழகுங்கள். தினமும் செலவை எழுதி வையுங்கள். அரசுப் பள்ளியில் பயின்றவராயின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதி உண்டா எனக் கல்லூரியில் விசாரியுங்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால் அட்டையை இன்றே பயன்படுத்துவதை நிறுத்தி, மிகுந்த வட்டியுள்ள கடனை முதலில் அடையுங்கள். எல்லாவற்றிற்கும் முன்பாக, வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பெற்றோரே! பிள்ளை உண்மை சொல்லும் நாளில் ஏசாதீர்கள். அன்று ஏசினால் அடுத்த முறை அவன் உங்களிடம் வராமல் செயலியிடம் போவான்.

நிர்வாகப் பெருமக்களே! சற்று முன் வரவு செலவுக் கணக்கு வாசித்தீர்கள். ஒரு பைசா பிசகில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நம் பிள்ளைகளின் கணக்கை நாம் எவரும் கேட்கவில்லை. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடன்பட்டோரும் உளர் என்பது குர்ஆனின் கட்டளை. ஆகவே பைத்துல்மாலோடு இணைந்து வட்டியில்லா அழகிய கடன் நிதி ஒன்று தொடங்குமாறு வேண்டுகிறோம். பொறுப்பாளர் இருவர், ஏடு ஒன்று போதும். கடனை எழுதி வைப்பது இறைக்கட்டளை. ஆதலால் ஏட்டில் எழுதப்படும். ஆனால் நன்கொடையாளர் பெயரை அச்சிடும் இம்மலரில், உதவி பெற்றவர் பெயர் ஒருபோதும் வரலாகாது. பள்ளிவாசலில் சொன்னது பள்ளிவாசலோடு நிற்கும் என்ற நம்பிக்கை பிறந்தால், இன்ஷா அல்லாஹ், பிள்ளைகள் வருவார்கள். இந்நிதிக்கு நம் ஒரு மாத ஊதியத்தை முதல் தொகையாக அளிக்கிறோம்.

அம்மாணவன் இப்போது விடுமுறை நாட்களில் வேலை செய்து, அடகு வைத்த நகையைச் சிறிது சிறிதாக மீட்டு வருகிறான். அவனுக்காக துஆச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! ஹலாலானதைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்குவாயாக! கடனின் இழிவிலிருந்து எங்கள் மக்களைக் காப்பாயாக! கடன்பட்டவருக்குத் தோள் கொடுக்கும் ஜமாஅத்தாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.