இரண்டு விரல்கள் மடங்கிய பின்



இசை பற்றிப் பேசும்படி கேட்டீர்கள். வைத்தியரான எனக்குப் பேசத் தெரிந்த பியானோக் கலைஞர் ஒருவர்தான்: லியோன் பிளைஷர்.

1928 இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஆர்தர் ஷ்னாபெலின் மாணவர். பதினாறு வயதில் நியூயோர்க் பில்ஹார்மோனிக்குடன் வாசித்தார். முப்பத்தாறு வயதில், வலது கையின் நான்காம் ஐந்தாம் விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கத் தொடங்கின. சோதனைக்கு முன் நாங்கள் செய்வதையே அவரும் செய்தார்: இன்னும் கூடுதலாகப் பயிற்சி. விரல்கள் இன்னும் இறுகின.

பல வருடங்களாக நோயின் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. அது ஒருவகை டிஸ்ரோனியா. தசையில் பழுதில்லை, விரல்களை வேறுவேறாக அறிந்து இயக்கும் மூளையின் எல்லைகள் மங்கிவிடுகின்றன. எழுதும்போது மட்டும் கை இறுகும் எழுதுவினைஞருக்கும் இதே வகை நோய்தான். அவர் தேநீர்க் கோப்பையைச் சுகமாகப் பிடிப்பார், பேனாவைத்தான் பிடிக்க முடியாது. அதனால் வீட்டார் 'மனப்பயம்' என்று சொல்லிவிடுவார்கள்.

முதலாம் உலகப் போரில் வலது கையை இழந்த போல் விற்கென்ஸ்ரைனுக்காக ராவெல் எழுதிய இடது கைக் கொன்சேட்டோவை பிளைஷர் வாசித்தார். இசைக்குழுக்களை நடத்தினார். பால்ரிமோரின் பீபொடி நிறுவனத்தில் கற்பித்தார். வாசித்துக் காட்ட முடியாததால் சொற்களைத் தேட வேண்டியிருந்தது. அதனாலேயே நல்ல ஆசிரியரானேன் என்பது அவரது எண்ணம். ஒரு சுரத்தை விரல் தொடுமுன் மனம் கேட்டிருக்க வேண்டும் என்பார். தனது உறவு இரண்டு கைகளோடல்ல, இசையோடு என்று அவர் கண்டுகொண்டதும் அக்காலத்தில்தான்.

1990களின் நடுப்பகுதியில் பொட்டொக்ஸ் ஊசி விரல்களைத் தளர்த்தியது. இதை அற்புதம் என்று எழுதுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஊசியின் பலன் சில மாதங்களே; திரும்பத் திரும்பப் போட வேண்டும். நோய் அவரை விட்டுப் போகவில்லை. அதனோடுதான் வாசித்தார்.

தங்கைகளே, ஒரு விரல் சொற்கேளாமல் போனால் அன்றைக்கே ரீச்சரிடம் சொல்லுங்கள். ரீச்சர்மாரே, அப்போது 'இன்னும் பத்துத் தரம் வாசி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

2004 இல் வெளிவந்த அவரது 'இரண்டு கைகள்' இசைத்தட்டில் ஷூபேட்டின் கடைசிப் பியானோ சொனாற்றா இருக்கிறது. அதன் மெதுவான இரண்டாம் பகுதியில் இடது கை வலது கையின் மேலால் தாண்டித் தாண்டிப் போய்வரும். கேட்டுப் பாருங்கள்.