இகுவானாவுக்குப் பகல் வேண்டும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டே இகுவானா வளர்க்க ஆசைப்படுகிறவர்களை மனத்தில் வைத்துப் பேசுகிறேன்.

நடு அமெரிக்கா, தென் அமெரிக்கக் காடுகளில் மரக்கிளையில் வெயில் காய்ந்து, இலை தின்று வாழும் பிராணி இது. விற்கும்போது கையளவுதான் இருக்கும். நன்றாக வளர்ந்தால் வாலோடு 5 அடியைத் தாண்டும்.

தீனி விஷயத்தில் நம் ஊருக்கு ஈடில்லை. அகத்தி, முருங்கை, செம்பருத்தி இலையும் பூவும், துருவிய பரங்கிக்காய், இவையே போதும். அகத்தியிலும் முருங்கையிலும் சுண்ணாம்புச் சத்து ஏராளம். மருந்தடித்த கீரையாக இருக்கலாம், நன்றாக அலசிக் கொடுங்கள். பாலக்கீரையைத் தினமும் போடாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. முட்டை, புழு, நாய்த்தீனி அறவே வேண்டாம். சிறுநீரகம் கெட்டுவிடும்.

இவ்வளவு நல்ல தீனி போட்டும் பல இகுவானாக்கள் நொடித்துப்போவது வெயில் இல்லாமல்தான். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அது கிடைக்காத குட்டிக்குப் பின்னங்கால் தடித்து உருண்டு தெரியும். கொழுகொழுவென்று இருக்கிறதே என்று வளர்ப்பவர் பூரித்துப்போவார். உண்மையில் அது எலும்பு நோய். தாடையைத் தொட்டால் ரப்பர் போல வளையும், விரல்கள் நடுங்கும். அப்போதே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இரவு ஷிப்டு பார்ப்பவர் பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார். இகுவானாவோ பகலில் விழித்திருக்கும் பிராணி. அந்த இருட்டறையில் அதற்குப் பொழுதே விடிவதில்லை. புற ஊதா விளக்கு போடலாம். ஆனால் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் கதிர் குறைந்துபோகும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால், மொட்டைமாடியில் ஆள் உயரக் கம்பிவலைக் கூண்டுதான் சிறந்தது. உள்ளே பருத்த கிளை, பாதி வெயில், பாதி நிழல், தண்ணீர்த் தொட்டி. வெயில் படும் இடம் 35 டிகிரி, நிழல் 27 டிகிரி இருந்தால் நல்லது. தகரக் கொட்டகையோ கண்ணாடித் தொட்டியோ சித்திரை வெயிலில் உயிரையே வாங்கிவிடும்.

வாங்கினால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் கொண்டுவந்த விதி அது. அதற்கும் முன்னால், மாடியில் கூண்டு வைக்க வீட்டு ஓனர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.