வேஷம் சிறியதானால் என்ன?

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, நடிகர் டெல்லி கணேஷ். படத்தின் பெயர் மறந்துபோகும். கதாநாயகி யார் என்பதும் மறந்துபோகும். அதில் அப்பாவாகவோ மாமனாராகவோ வந்த இவர் முகம் மட்டும் மறக்காது.

திருநெல்வேலிச் சீமை வல்லநாட்டில் 1944-ல் பிறந்தவர். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப் படையில் பணி. டெல்லியில் தக்ஷிண பாரத நாடக சபாவில் நடித்தார். ஆபீஸ் முடிந்ததும் ஒத்திகைக்கு ஓடிய அந்தக் காலத்து அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு நாம் நிறுத்திவிட்டோம். அவர் நிறுத்தவில்லை. கே. பாலசந்தர் 'பட்டினப் பிரவேசம்' (1977) படத்தில் அவரை அறிமுகம் செய்து, கணேஷுக்கு முன்னால் டெல்லியையும் சேர்த்து வைத்தார்.

அதன் பிறகு 400-க்கும் மேற்பட்ட படங்கள். 'பசி' (1979) படத்தில் ரிக்‌ஷாக்காரர். அதற்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. 'சிந்து பைரவி'யில் (1985) குடிப்பழக்கம் உள்ள மிருதங்க வித்வான். அவரைக் கண்டிக்கும் பாடகரே பின்னால் குடியில் விழுகிறார் என்பதால், அந்தச் சிறிய வேஷம் கதை முழுவதற்கும் முன்னறிவிப்பாக நிற்கிறது. 'நாயகன்' (1987) படத்தில் தாதாவின் கூடவே இருக்கும் ஐயர். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவர். மறு வருஷமே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காடு மணி ஐயர்!

அந்தச் சமையற்காரர் வேஷம் நம்மவர்களைக் கேலி செய்கிறது என்று சிலர் என்னிடம் குறைப்பட்டதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாம்பாரில் மீன் விழுந்த கலவரத்தில் அந்த மனுஷர் தவிப்பது தொழிலின் மானத்துக்காக. சிரிக்கிறோம், ஆனால் அவரை இளக்காரமாக நினைப்பதில்லை. அது நடித்தவரின் சாமர்த்தியம்.

சின்னத்திரையையும் அவர் குறைவாக எண்ணவில்லை. 'மர்மதேசம்' தொடரின் 'ரகசியம்' பகுதியை 1990-களில் வீட்டோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அதிலும் இவர் உண்டு.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். கிரியா ஊக்கி என்று ஒன்று உண்டு. கொஞ்சம் சேர்த்தால் போதும், மெதுவாக நடக்கிற வினை வேகமாக நடக்கும். துணை நடிகரும் அப்படித்தான் என்று சொல்லலாம். ஆனால் கிரியா ஊக்கி கடைசியில் மாறாமல் அப்படியே இருக்கும். இவரோ படத்துக்குப் படம் மாறினார். ஆகவே என் உவமை பாதிதான் சரி.

இதையெல்லாம் சொல்லும் யோக்யதை எனக்கு உண்டா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. என் பிள்ளை கல்லூரி நாட்களில் நாடகத்தில் சேரவேண்டும் என்று கேட்டபோது, "ஹீரோவாகவா ஆகப்போறே? அப்பா வேஷம் போட்டுண்டு காலத்தைக் கழிக்கப்போறியா?" என்று கேட்டேன். அவன் மறு வார்த்தை பேசவில்லை. இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். ஒரு குறையும் இல்லை. ஆனால் நாடகம் பார்க்கக்கூட அவன் வருவதில்லை.

அப்பா வேஷம் போட்டே ஒருவர் ஏறக்குறைய ஐம்பது வருஷம் தலைநிமிர்ந்து வாழ்ந்தார். 2024 நவம்பரில் தமது எண்பதாவது வயதில் காலமானபோது, விமானப் படையினரும் வந்து மரியாதை செலுத்தினார்கள். விட்டுவந்த உத்தியோகமும் அவரை விட்டுவிடவில்லை.

உத்தியோகத்தை விடுங்கள் என்று குழந்தைகளிடம் நான் சொல்லமாட்டேன். எல்லோருக்கும் அது பலிக்காது. ஆனால் நம் ஆண்டு விழாவில் பிள்ளைகள் நாடகம் போட முன்வந்தால், "பரீட்சை இருக்கிறதே" என்று முதல் வார்த்தையிலேயே தடுக்காதீர்கள். சிறிய வேஷம் கிடைத்த குழந்தைக்கும் கை தட்டுங்கள்.

இந்தத் தடவை நாடகத்துக்கு வரும்படி என் பிள்ளைக்கு நானே போன் செய்வதாக இருக்கிறேன்.