குருத்து மண்ணுக்கு மேலே

உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப் பிரதேசங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் அன்பர்கள், ஸ்ட்ராபெரி நாற்றைப் பிரியமாக வாங்கி வந்து நட்டு, சில தினங்களில் அது அழுகிப்போவதைக் கண்டு, மண்ணையோ மழையையோ நொந்துகொள்வதுண்டு. பல சமயங்களில் தோஷம் நட்ட ஆழத்தில்தான் இருக்கிறது.

இந்தச் செடியில் வேருக்கும் இலைக்கும் நடுவே, விரல் பருமனில் தடித்த ஒரு குருத்துப் பகுதி உண்டு. புதிய இலையும் பூவும் அதிலிருந்தே உற்பத்தியாகின்றன. வாழைக்கன்றைக் குழியில் ஆழ இறக்கிப் பழகிய நம் கை, இதையும் அவ்விதமே புதைத்துவிடுகிறது. அது கூடாது. வேர் முழுவதும் மண்ணுக்குள்; குருத்து மண்ணுக்கு மேலே. அதற்காக வேர் வெளியே தெரியும்படி உயர்த்தி நட்டாலோ, செடி காய்ந்துபோகும். முதல் நீர் வார்த்தபின் மண் அமிழ்ந்து, குருத்தின்மேல் சேறு படிந்திருந்தால், விரலால் மெல்ல விலக்கிவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: குருத்து மண்ணுக்கு மேலே.

பழம் ஈரமண்ணில் படாதிருக்க அடியில் வைக்கோல் பரப்புவது உத்தமம். பறித்தபின் பழுக்கும் சுபாவம் இதற்கு இல்லையாதலால், முழுதும் சிவந்த பிறகே காம்போடு கிள்ள வேண்டும். பறவைகளும் அந்தத் தருணத்துக்கே காத்திருக்குமாதலால், ஒரு வலையும் அவசியம்.

தாய்ச்செடியிலிருந்து ஓடும் மெல்லிய கொடியின் கணுவை ஒரு சிறு தொட்டி மண்ணில் பதித்து, வேர் பிடித்ததும் கொடியை அறுத்துவிட்டால், அடுத்த வருஷத்துக்கு நாற்று விலைக்கு வாங்க வேண்டியதில்லை.