யார் யாருடன் பேசலாம்? – கொள்கலன் கொத்தில் வலைத்தொடர்பு அனுமதிகளை ஆராய்தல்

(வார இறுதித் தமிழ்ப் பள்ளியொன்றின் பெற்றோர் – மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நமது பள்ளியின் இணையப் பதிவு முறையைப் பராமரிக்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். உங்கள் பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, வீட்டு முகவரி, ஒவ்வாமை விபரங்கள் யாவும் அதிலேயே உள்ளன. அவற்றைக் காக்கும் வேலியில் நாங்கள் விட்ட ஒரு பிழையையும், அது கண்டறியப்பட்ட முறையையும் மறைக்காமல் உங்கள் முன் வைப்பது எனது கடமை எனக் கருதுகின்றேன்.

முன்பு இத்தகைய மென்பொருள் முழுவதும் பெரும்பாலும் ஒரே கணினியில் இயங்கியது. இன்று அது சிறு சிறு பணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பணியும் தனக்கு வேண்டியவற்றைத் தன்னுள்ளே கொண்ட ஒரு கொள்கலனில் இடப்படுகின்றது. பல கணினிகள் இணைந்த ஒரு கொத்தில் இக்கொள்கலன்களை இயக்கி மேற்பார்வை செய்யும் மென்பொருளே குபர்நெட்டீஸ். கூகுள் நிறுவனம் 2014ஆம் ஆண்டு இதனைத் திறமூலமாக வெளியிட்டது. கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லே இதன் பெயராயிற்று.

எமது கொத்தில் ஐந்து பணிகள் உள்ளன: இணையத்தளம், பதிவு, தரவுத்தளம், மின்னஞ்சல் அனுப்புதல், நீங்கள் ஏற்றும் படங்களைச் சிறிதாக்குதல். நாம் விதி எதுவும் எழுதாவிடின், குபர்நெட்டீஸில் எந்தப் பணியும் எந்தப் பணியுடனும் பேசலாம். அதாவது 5 × 4 = 20 தொடர்புகள். எமக்குத் தேவையானவையோ நான்கு மட்டுமே. இணையத்தளம் பதிவுடனும் படப் பணியுடனும் பேச வேண்டும். பதிவு தரவுத்தளத்துடனும் மின்னஞ்சலுடனும் பேச வேண்டும். எஞ்சிய 16 கதவுகளும் வீணே திறந்து கிடப்பவை.

திறந்து கிடந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பலராலும் பயன்படுத்தப்படும் இமேஜ்மேஜிக் என்னும் படக் கருவியில், தீய நோக்குடன் உருவாக்கப்பட்ட ஒரு படத்தை ஏற்றுவதன் மூலமே வழங்கியில் கட்டளைகளை இயக்கவல்ல குறைபாடு 2016ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அவ்வாறு ஒருவர் படப் பணிக்குள் நுழைந்துவிட்டால், அங்கிருந்து அவர் எங்கெல்லாம் செல்லலாம் என்பதே கேள்வி.

இக்கதவுகளை அடைக்கும் வலையமைப்பு விதிகள் 2017ஆம் ஆண்டு வெளியான 1.7 பதிப்பில் நிலைபெற்றன. ஒரு பணியைச் சுட்டி ஒரு விதியேனும் எழுதப்பட்டால், அவ்விதி கூறும் திசையில், அனுமதிக்கப்பட்டவை தவிர ஏனைய யாவும் அடைபடும். விதிகள் பலவாயின் அவற்றின் அனுமதிகள் கூட்டப்படும். ஒரு விதி தந்த அனுமதியை இன்னொரு விதி பறிக்க இயலாது.

எமது தரவுத்தளம் கொத்தின் ஒரு பகுதியிலும், ஏனைய நான்கு பணிகள் 'பள்ளி' எனப் பெயரிட்ட மற்றொரு பகுதியிலும் உள்ளன. "பள்ளிப் பகுதியில் உள்ள, பதிவு என்னும் அடையாளமும் கொண்ட பணி தரவுத்தளத்தை அணுகலாம்" என்பதே நாங்கள் எழுத நினைத்த விதி. எழுதும்போது இரண்டாவது நிபந்தனைக்கு முன் ஒரு சிறு கோடு கூடுதலாக விழுந்துவிட்டது. அந்தக் கோட்டினால் இரு நிபந்தனைகளும் தனித்தனி அனுமதிகளாயின. 'உம்' என்பது 'அல்லது' ஆயிற்று. பள்ளிப் பகுதியில் உள்ள அனைத்துப் பணிகளுக்கும் தரவுத்தளத்தின் கதவு திறந்தது. படப் பணிக்கும்தான். இடையில் கடவுச்சொல் ஒன்றே காவலாக நின்றது.

பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. பதிவும் மின்னஞ்சலும் முறையாக நடந்தன. செல்ல வேண்டியவை செல்கின்றனவா என்று மட்டுமே நாங்கள் சோதித்திருந்தோம்; செல்லக்கூடாதவை தடைப்படுகின்றனவா என்று சோதிக்கவில்லை.

இதனைக் கண்டுபிடித்தவர் பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் நமது மாணவி ஒருவர். விதிகளை வாசித்து, பணிகளைப் புள்ளிகளாகவும் அனுமதிகளை அம்புக்குறிகளாகவும் தாளில் வரைந்துகொண்டு வந்து, "மாமா, படப் பணி ஏன் தரவுத்தளத்துடன் பேச வேண்டும்?" என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. அன்றே திருத்தினோம். பதிவேடுகளில் அத்துமீறல் எதுவும் தென்படவில்லை. ஆயினும் தென்படவில்லை என்பது நிகழவே இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதையும் நேர்மையாகக் கூறிவிடுகின்றேன்.

இளையோரே, அந்த மாணவி செய்ததுதான் இத்துறையின் முறையான ஆய்வு. முதலில், தேவையான தொடர்புகளைப் பட்டியலிடுங்கள். அடுத்து, விதிகள் உண்மையில் அனுமதிப்பவற்றைக் கணக்கிடுங்கள்: புறப்படும் பணியின் விதியும் சேரும் பணியின் விதியும் ஆகிய இரண்டும் இசைந்தால்தான் தொடர்பு உண்டு, எவ்விதியும் சுட்டாத பணி எல்லோருக்கும் திறந்தே இருக்கும். பின்னர் இரு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். பணிகள் பன்னிரண்டானால் இணைகள் 132 ஆகும். அப்போது தாள் போதாது. விதிக்கோப்புகளிலிருந்தே இக்கணக்கைச் செய்யும் நெட்பால் அனலைசர் போன்ற திறமூலக் கருவிகள் உள்ளன. விதிகள் மாறும்போது எந்தத் தொடர்பு கூடியது, எது குறைந்தது என்பதையும் அவை காட்டும்.

இறுதியாக, ஓடும் கொத்திலும் சோதித்துப் பாருங்கள். விதிகளை நடைமுறைப்படுத்துவது கலிகோ, சிலியம் போன்ற வலையமைப்புச் செருகிகளே. அத்திறன் இல்லாத செருகி இருப்பின், குபர்நெட்டீஸ் விதியை ஏற்றுக்கொள்ளும்; ஆனால் எதுவும் தடைப்படாது.

பெற்றோர்களே, பிள்ளைகளின் விபரங்களை எந்த அமைப்பிடம் ஒப்படைத்தாலும், "இவற்றை எந்தெந்தப் பணிகள் எட்ட முடியும்? அதனைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள். இன்று எமது விடை நான்கு அம்புக்குறிகள் கொண்ட ஒரு படம். அது நுழைவாயில் அறிவிப்புப் பலகையில் உள்ளது. விதி மாறும் ஒவ்வொரு முறையும் அப்படமும் புதுப்பிக்கப்படும்.