காலையில் ஒரு மொழி, மாலையில் ஒரு மொழி



ஆசிரியப் பயிற்சி பெற்றவர் எவரைக் கேட்டாலும் ஒரு விதியைத் தவறாமல் சொல்வார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பதே அது. நானும் அதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன், வகுப்பறையில் மறந்தேன். அதைப் பின்னர்க் கூறுகிறேன். அவ்விதியை மறவாத ஒரு பள்ளியை முதலில் காண்போம்.

1959இல் கியூபாவில் புரட்சி வென்றபின், அத்தீவைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவின் மயாமி நகரில் வந்து தங்கின. அவர்களுடைய பிள்ளைகள் அறிந்தது ஸ்பானிய மொழி, பள்ளியிலோ ஆங்கிலம். இத்தகைய பிள்ளைகளை ஆங்கில வகுப்பில் அமர்த்திவிட்டு, நாளடைவில் தேறிவிடுவார்கள் என்று இருந்துவிடுவது எளிது. நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவதை ஒத்தது அது. சிலர் கரையேறவும் கூடும். மூழ்கியவர் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

1963இல் அந்நகரத்துக் கோரல் வே என்னும் அரசாங்கத் தொடக்கப் பள்ளியில் வேறொரு வழி கண்டார்கள். ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் அங்கே பயின்றனர். காலையில் அவரவர் தாய்மொழியில் பாடம். உணவு, இசை, சித்திரம், விளையாட்டு இவற்றில் இரு சாராரும் கலந்திருப்பர். பிற்பகலில், காலையில் கற்ற கருத்துகளையே மற்ற மொழியில் பயில்வர். கணக்கு முன்பே விளங்கிவிட்டது. புதிதாக வருவது சொல் மட்டுமே. கியூபாவில் ஆசிரியராயிருந்து அகதிகளாக வந்த பெண்மணிகள் துணையாசிரியராகப் பணியாற்றினர்.

இதில் என் மனத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. தடுமாற்றம் அங்கே அகதிப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. உள்ளூர்ப் பிள்ளையும் ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் சொல் கிடைக்காமல் விழித்தது. அவ்வேளையில், நேற்று வந்த பிள்ளை அறிந்தவனாக நின்றான்.

1965இல் கனடாவின் மான்ட்ரியல் நகருக்கு அருகிலுள்ள செயிண்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் வற்புறுத்தியதால், அவர்தம் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே பிரெஞ்சில் கற்பித்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்து வாலஸ் லாம்பர்ட் அதனை ஆராய்ந்தார். ஆங்கில வாசிப்பில் முதலில் பின்தங்கிய அப்பிள்ளைகள், ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் குறையை ஈடுசெய்துகொண்டனர்.

இதைக் காட்டி, நம் சிற்றூர்ப் பிள்ளையையும் மூன்று வயதிலேயே ஆங்கிலத்தில் மூழ்கடிக்கலாம் என்பார் உளர். அவர்களோடு நான் உடன்படுவதில்லை. அக்கனடியப் பிள்ளைக்கு வீட்டிலும் அங்காடியிலும் வானொலியிலும் தாய்மொழி காத்து நின்றது. அதை எவரும் இழிவாகக் கருதவில்லை. வீட்டு மொழியைப் பள்ளி வாயிலில் கழற்றி வைக்கச் சொல்வது வேறு செயல். கலிபோர்னியா மாநில மக்களே 1998இல் வாக்களித்து இருமொழிக் கல்வியைக் கட்டுப்படுத்தினர்; 2016இல் மீண்டும் வாக்களித்து அக்கட்டுப்பாட்டை நீக்கினர்.

இனி என் கதை. நான் இளைஞனாக ஆந்திர எல்லையை ஒட்டிய ஓர் ஊரில் பணியாற்றினேன். மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் வாய் திறப்பதே இல்லை. வீட்டில் தெலுங்கு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவனுடைய முன்னேற்ற அட்டையில் 'மந்த புத்தி' என்று எழுதினேன்.

ஒரு நாள் சந்தையில் தாயருகே அமர்ந்து அவன் தக்காளி விற்றுக்கொண்டிருந்தான். அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று எடைக்கு எடை விலையைத் தெலுங்கில் சொல்லி, மீதிச் சில்லறையை நொடியில் எண்ணிக் கொடுத்தான். எனக்குக் கணக்குப்போட அதைவிட நேரமாயிற்று.

மறுநாள் வகுப்பில் அவனை எழுப்பி, தெலுங்கில் எண்ணச் சொன்னேன். மற்றவர்கள் அவன் பின்னே சொல்லித் தடுமாறினார்கள். நூறு வரை நிறுத்தாமல் சொன்னான். அவன் குரலை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன்.

மாலையில், எழுதியதைத் திருத்த எண்ணி அட்டையை எடுத்தேன். அது அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தது. 'மந்த புத்தி' என்ற சொற்களுக்கு நேர் கீழே அவன் தகப்பனாரின் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது.